காயம் ஆறியும் ஆறாத வலி: சேலம், நாமக்கல் சமவெளியில் மனவழிச் சிகிச்சைக்கான இடம்

சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து காவிரிக் கரை வரை விரியும் சேலம், நாமக்கல் சமவெளியின் பிழைப்பு, பெரும்பாலும் மனிதரின் இடுப்பையும் தோளையும் முழங்காலையும் நம்பி நடக்கும் பிழைப்பாகும். அம்மாபேட்டையிலும் ஜலகண்டாபுரத்திலும் எடப்பாடியிலும் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுவோர் நீண்ட ஷிப்டு முழுவதும் நின்றபடியும் குனிந்தபடியும் அறுந்த இழைகளை முடிகின்றனர்; திருச்செங்கோட்டிலிருந்து வடநாடு வரை சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலாளர்கள் கனத்த இரும்புக் குழாய்களோடு மாதக்கணக்கில் போராடுகின்றனர்; சங்ககிரி, நாமக்கல் லாரி ஓட்டுநர்களின் முதுகு நெடுஞ்சாலையின் ஒவ்வொரு குலுக்கலையும் வாங்கிக்கொள்கிறது; ஆத்தூர், ராசிபுரம் வட்டாரச் சேகோ ஆலைகளில் குச்சிக்கிழங்குத் தோல் உரிக்கும் பெண்கள் பொழுதெல்லாம் தரையில் அமர்ந்திருக்கின்றனர்; சிவதாபுரம் பக்கத்து வெள்ளிப் பட்டறைகளில் கொலுசு பற்றவைப்போர் கழுத்தை நிமிர்த்தாமலே நாளைக் கழிக்கின்றனர். இத்தகைய உழைப்பில் உடல் நோவது இயல்பே. ஆனால் சுளுக்கோ பிடிப்போ ஏற்பட்ட தசை ஆறி, வீக்கம் வற்றி, மாதங்கள் பல கடந்த பிறகும் குடைச்சலும் கடுப்பும் எரிச்சலும் அப்படியே நிற்கும்போது, அது வேறொரு நோய்நிலையாக மாறிவிடுகிறது என்பதையும், அந்நிலையில் மாத்திரைக்கும் ஊசிக்கும் அப்பால் மனத்தின் வழியாகச் செய்யப்படும் சில சிகிச்சைகளுக்கு உண்மையான இடம் உண்டு என்பதையும் இப்பகுதி மக்கள் அறிந்துகொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் வரும் வலியை நாட்பட்ட வலி என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. உலகில் 2020ஆம் ஆண்டில் இடுப்புவலியோடு மட்டும் வாழ்ந்தவர்கள் சுமார் 61.9 கோடிப் பேர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. மனிதரை முடக்கிவைக்கும் காரணங்களில் முதலிடம் அதற்குத்தான். வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1979இல் வகுத்து 2020இல் திருத்திய வரையறையின்படி, வலி என்பது உடற்சேதத்தோடு தொடர்புடைய, அல்லது அத்தகைய சேதம் நேர்ந்ததுபோலவே உணரப்படும், உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த ஓர் அனுபவமாகும். உடலும் மனமும் அந்த வரையறைக்குள்ளேயே இணைந்து நிற்கின்றன. ஆகவே வலிக்கு மனவழிச் சிகிச்சை தருவது, வலி பொய் என்று சொல்வதாகாது.

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. எல்லாப் பரிசோதனைகளையும் முடித்துவிட்டு, உங்களுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான் என்று மருத்துவமனையில் சொல்லப்படும் ஒரே வாக்கியம், கேட்பவரின் காதில் நீ நடிக்கிறாய் என்றே விழுகிறது. வீட்டு வேலையும் தறிவேலையும் சேர்த்துச் சுமக்கும் பெண்களுக்கு இந்தப் பழி கூடுதலாகவே வந்து சேர்கிறது. அந்த வாக்கியம் தவறானது மட்டுமல்ல, தீங்கானதும்கூட. ஏனெனில் அதைக் கேட்டவர் அதன்பின் மனம் என்ற சொல்லே வராத இடங்களைத் தேடி, ஊசியிலிருந்து ஊசிக்கும், ஸ்கேனிலிருந்து ஸ்கேனுக்கும் அலையத் தொடங்கிவிடுகிறார்.

உண்மையில் நடப்பது என்ன என்பதற்கு 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட வாயிற்கதவுக் கோட்பாடு ஒரு தொடக்கமாக அமைந்தது. உடலின் ஓரிடத்திலிருந்து கிளம்பும் வலிச்செய்தி அப்படியே மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை என்றும், தண்டுவடத்திலேயே அதைத் தடுக்கவும் கூட்டவும் குறைக்கவும் வல்ல ஓர் அமைப்பு இருக்கிறது என்றும், கவனம், அச்சம், முன்னனுபவம் ஆகியவை மூளையிலிருந்து கீழிறங்கி அந்தக் கதவைத் திறக்கவோ மூடவோ செய்கின்றன என்றும் அவர்கள் விளக்கினர். அக்கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர் பலவாறு திருத்தப்பட்டாலும் அதன் மையக் கருத்து நிலைத்துவிட்டது. வலி நெடுநாள் நீடிக்கும்போது நரம்பு மண்டலமே கூருணர்வு அடைந்து, சாதாரணத் தொடுதலையும் அசைவையும்கூட ஆபத்தாக எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறது. இழை அறுந்தால் தறியைத் தானே நிறுத்தும் அமைப்பு அளவுக்கு மீறி இறுக்கமாக வைக்கப்பட்டுவிட்டால், இழை முழுசாக இருக்கும்போதே தறி நின்று நின்று ஓடும். அங்கே பாவு நூலைத் திரும்பத் திரும்ப ஆராய்வதால் பயனில்லை, நிறுத்தும் அமைப்பைத்தான் சரிசெய்ய வேண்டும் என்பது தறி ஓட்டுவோர் அறிந்ததே.

இல்லாத உறுப்பிலும் வலி இருக்கக்கூடும் என்பதைவிட இதற்கு வலுவான சான்று வேண்டியதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தமிழரான நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்ட பின்னும் அந்தக் கை இறுக மூடிக்கொண்டு வலிப்பதாகத் துன்புற்றவர்களுக்கு 1990களில் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையை மெல்லத் திறக்கச் சொன்னபோது, சிலருக்கு இல்லாத கையும் திறந்துகொண்டது போன்ற உணர்வு ஏற்பட்டு வலி தளர்ந்தது. பிற்கால ஆய்வுகளில் இந்த முறை எல்லாருக்கும் ஒரே அளவில் பயன் தரவில்லை. ஆயினும் மூளை தன் முடிவை மாற்றிக்கொண்டால் வலியும் மாறக்கூடும் என்பதை அது கண்முன்னே காட்டியது.

ஸ்கேன் படத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜவ்வு விலகியிருக்கிறது, எலும்பு தேய்ந்திருக்கிறது என்ற சொற்களோடு கையில் தரப்படும் எம்.ஆர்.ஐ. படம் இப்பகுதியில் பலருக்கு வாழ்நாள் தீர்ப்பாகவே ஆகிவிடுகிறது. முதுகுவலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், 50 வயதினரில் 80 விழுக்காட்டினருக்கும் தண்டுவட ஜவ்வில் தேய்மானம் காணப்பட்டதைக் காட்டியது. நரை விழுவதுபோல வயதோடு வரும் மாற்றங்கள் இவற்றில் பல. எனவே தேய்மானம் படத்தில் தெரிகிறது என்பதும், தேய்மானமே வலிக்குக் காரணம் என்பதும் ஒன்றல்ல. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டது முதல் குனிய அஞ்சி, தூக்க அஞ்சி, இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வாழ்பவரின் தசைகள் மெலிகின்றன, உறக்கம் கெடுகிறது, வலி மேலும் கூடுகிறது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சையாலும், பிரசவத்தின்போது முதுகில் போட்ட ஊசியாலும்தான் பல ஆண்டுகள் கழித்தும் இடுப்பு வலிக்கிறது என்று நம்பும் பெண்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பிரசவ ஊசிக்கும் நீண்டகால முதுகுவலிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுகள் காட்டியிருந்தும், என்றோ ஏறிய ஊசி உள்ளே ஏதோ ஒன்றைக் கெடுத்துவிட்டது என்ற அச்சம் தலைமுறை தாண்டியும் வாழ்கிறது. அச்சத்தைத் தொடாத எந்தச் சிகிச்சையும் இவர்களுக்கு அரைச் சிகிச்சையே.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையைத் தாண்டிச் செல்ல முடியாது. பழைய சேலம் மாவட்டமாக இருந்த இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் கடினப் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரையே ஃபுளோரைடு ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தரநிலை கூறுகிறது. அதை மீறிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகுகின்றன. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிவதற்கு முன்பே மூட்டுவலியும் முதுகு விறைப்பும் தொடங்கிவிடக்கூடும். எலும்பைப் பாதிக்கும் இந்நோய் மனிதரிடம் பரவலாக இருப்பது இந்தியாவில் முதன்முதலில் 1937இல் அன்றைய சென்னை மாகாணத்திலிருந்தே மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம், 2013இல் பயன்பாட்டுக்கு வந்தபோது ஃபுளோரைடு பாதிப்பைத் தணிக்கும் நோக்கத்தைத் தன் பெயரிலேயே தாங்கியிருந்தது. இன்னும் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிக்கும் சிற்றூரில் பலருக்கு ஒரேபோல மூட்டு வலித்தால், முதலில் சோதிக்க வேண்டியது அவர்களின் மனத்தை அல்ல, அவர்களின் நீரை. அதேபோல, கால் வலுவிழத்தல், சிறுநீர் மலக் கட்டுப்பாடு இழத்தல், காய்ச்சலோடு அல்லது உடல் மெலிவோடு கூடிய முதுகுவலி, இரவில் எழுப்பிவிடும் வலி, விழுந்த பின் வந்த வலி ஆகியவற்றுக்கு முதுகெலும்புக் காசநோய், புற்றுநோய், எலும்பு முறிவு போன்ற காரணங்கள் இருக்கக்கூடும் என்பதால் மருத்துவரின் பரிசோதனை முந்த வேண்டும். மனவழிச் சிகிச்சை அந்தப் பரிசோதனைக்குப் பின் வருவது. அதற்கு மாற்றாக வருவதன்று.

வலியைக் குறைக்க மனத்தை நாடும் முயற்சி இந்தியாவுக்குப் புதிதும் அன்று. ஈதர் மயக்கமருந்து அறுவைச் சிகிச்சைக்கு வருவதற்கு ஓராண்டு முன், 1845இல், வங்காளத்தின் ஹூக்ளியில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல், இன்று ஹிப்னாடிசம் என்று அறியப்படும் அறிதுயிலின் முன்னோடி முறையால் நோயாளிகளை ஆழ்ந்த அமைதிக்குக் கொண்டுவந்து பெரிய கட்டிகளை அகற்றினார். அதைக் கவனித்த அரசு 1846இல் கல்கத்தாவில் அவருக்கென ஒரு சிறு மருத்துவமனையையே ஒதுக்கியது. மயக்கமருந்துகள் வந்ததும் அம்முறை மறைந்தது. இன்று அறிதுயில் நாட்பட்ட வலிக்குத் துணைச் சிகிச்சையாகச் சில இடங்களில் திரும்பியிருக்கிறது.

நாட்பட்ட வலிக்கான இன்றைய மனவழிச் சிகிச்சைகளின் அடித்தளத்தை இட்டவர் அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ். வலித்தால் ஓய்வு, ஓய்வுக்குப் பின் வேலை, மீண்டும் வலி என்ற சுழலைக் கவனித்த அவர், வலி சொல்லும்போது நிறுத்தாமல், முன்கூட்டியே வகுத்த நேரப்படி வேலையையும் ஓய்வையும் மாற்றி மாற்றி, அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டும் முறையை 1960களிலும் 1970களிலும் வளர்த்தார். அதன் வழிவந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, இனி நான் முடமாகிவிடுவேன் என்பது போன்ற எண்ணங்களைச் சோதித்துத் திருத்துவதையும் பழக்கவழக்கங்களை மாற்றுவதையும் சேர்த்துச் செய்கிறது. இதுவே மிக அதிகமாக ஆராயப்பட்ட முறை. ஆயினும் 75 ஆய்வுகளை ஒருங்கே எடைபோட்ட 2020ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, இதனால் வலியிலும் முடக்கத்திலும் மனவேதனையிலும் ஏற்படும் பயன் உண்மையானது, ஆனால் சிறியது என்றே முடிவு கண்டது. அந்தச் சிறிய பயனின் மீதான அதிருப்திதான் மாற்று முறைகளைத் தேடவைத்தது.

அவற்றுள் ஒன்று இந்நாட்டு மரபோடு தொடர்புடையது. பர்மாவில் பிறந்து வணிகராக வாழ்ந்த எஸ். என். கோயங்கா, கடும் ஒற்றைத் தலைவலியால் துன்புற்று, மருந்துகளால் தீராமல், 1955இல் விபாசனா ஆசான் ஊ பா கினிடம் சென்றபோது, தலைவலிக்காகத் தியானம் கற்க வராதே என்று ஆசான் முதலில் மறுத்தார் என்பது கோயங்காவே பலமுறை கூறிய வரலாறு. வலியை விரட்டும் நோக்கமின்றி, எழுந்து மறையும் உணர்ச்சியாக மட்டும் அதைக் கவனிப்பதே அந்தப் பயிற்சியின் உயிர் என்பதால் அந்த மறுப்பில் பொருள் இருந்தது. பௌத்த தியானத்தையும் யோகாசனத்தையும் பயின்றிருந்த ஜான் கபட்-சின், 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், மருந்தால் தீராத வலியுடையோருக்குச் சில வாரப் பயிற்சியாக இதே கருத்தை மதச்சார்பின்றி வடிவமைத்தார். முதுகுவலியுடைய 342 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் அன்றாடச் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் இந்தத் தியானப் பயிற்சியில் ஏறத்தாழ 61 விழுக்காடு, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் 58, வழக்கமான மருத்துவத்தில் 44. ஸ்டீவன் ஹேய்ஸ் உருவாக்கிய ஏற்பு, உறுதிப்பாட்டுச் சிகிச்சையும் இதன் உறவினமே: வலி தீர்ந்த பிறகுதான் வாழ்வேன் என்று காத்திராமல், வலி இருக்கும்போதே தனக்கு மதிப்புள்ளவற்றை நோக்கி நடக்க அது பழக்குகிறது.

இவற்றைவிடத் துணிவான கூற்றோடு வந்தவை இரண்டு. வலி மறுவிளக்கச் சிகிச்சை, வலியைச் சகித்து வாழக் கற்பிப்பதற்கு மாறாக, உடலில் சேதம் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பின், இது ஆபத்தற்ற உணர்வு, நரம்பு மண்டலம் தவறாக எழுப்பும் செய்தி என்று அச்சமின்றி அதைக் கவனிக்கவும், தவிர்த்துவந்த அசைவுகளை அந்த நம்பிக்கையோடு செய்து பார்க்கவும் வழிகாட்டுகிறது. அமெரிக்காவின் கொலராடோவில் 151 பேரிடம் நடத்தப்பட்டு 2022இல் அச்சான ஆய்வில், நான்கு வாரச் சிகிச்சைக்குப் பின் 66 விழுக்காட்டினர் வலியற்றோ ஏறத்தாழ வலியற்றோ இருந்தனர். போலி ஊசி பெற்றவர்களில் இது 20, வழக்கமான மருத்துவத்தில் 10. உணர்ச்சி விழிப்பு, வெளிப்பாட்டுச் சிகிச்சை என்னும் மற்றொன்று, விழுங்கி வைத்த சினம், துயரம், குற்றவுணர்வு ஆகியவற்றை அடையாளம் கண்டு வெளிப்படுத்தச் செய்கிறது. 126 முதிய முன்னாள் படைவீரர்களிடம் நடந்த 2024ஆம் ஆண்டு ஆய்வில், வலி 30 விழுக்காடாவது குறைந்தவர்கள் இதில் 63 விழுக்காடு, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் 17. எண்கள் வியப்பூட்டுகின்றன. ஆனால் கொலராடோ ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் நன்கு படித்தவர்கள், ஓரளவு சுறுசுறுப்பாக வாழ்ந்தவர்கள், மிதமான வலியுடையவர்கள்; இரு ஆய்வுகளிலும் பங்கேற்றோர் எண்ணிக்கையும் சிறிது. பன்னிரண்டு மணி நேரம் தறியில் நிற்கும் ஒருவருக்கு அதே பயன் அதே அளவில் கிடைக்கும் என்று வாக்களிப்பது நேர்மையாகாது. முயன்று பார்க்கத் தகுந்தவை, தீங்கு குறைந்தவை, மருந்தை நிறுத்தச் சொல்லாதவை என்ற அளவில் இவற்றை வரவேற்கலாம்.

இச்சமவெளிக்கு மிகவும் பொருந்தும் செய்தி ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. அறிவாற்றல் செயல்பாட்டுச் சிகிச்சை எனப்படும் முறையை 492 பேரிடம் சோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையைத் தந்தவர்கள் உளவியலாளர்கள் அல்லர், பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள். வலி வந்த கதையை நோயாளியின் வாயாலேயே கேட்டு, வலி எப்படி நீடிக்கிறது என்பதை அவருடைய வாழ்க்கையைக் கொண்டே விளக்கி, அஞ்சித் தவிர்த்த குனிதலையும் தூக்குதலையும் தளர்வோடு மீண்டும் பழக்கி, உறக்கத்தையும் நடையையும் சீர்செய்வதே அவர்கள் செய்தது. ஏழு சந்திப்புகளுக்கு மிகாமல் தந்து, ஆறு மாதம் கழித்து ஒருமுறை நினைவூட்டியதன் பயன் ஓராண்டுக்குப் பின்னும் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்புவலிக்கென வெளியிட்ட முதல் வழிகாட்டுதலும், விளக்கக் கல்வி, உடற்பயிற்சி, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஆகியவற்றைப் பரிந்துரைத்து, இங்கே வழக்கமாக எழுதித் தரப்படும் இடுப்பு பெல்ட்டையும் எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனையும் வேண்டாம் என்றது.

ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், வலிக்கென்று பயின்ற உளவியலாளர் எடப்பாடியிலோ பரமத்திவேலூரிலோ கிடைப்பார் என்று எதிர்பார்க்க இயலாது. ஆனால் பிசியோதெரபிஸ்ட் கிடைக்கிறார். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து தரும் பெண் தன்னார்வலர்களோடு, இயன்முறைச் சிகிச்சையாளரும் வலி தணிப்புச் செவிலியரும் வீடுகளுக்கே செல்கின்றனர். அவர்களுக்கு இந்த முறையில் சில வாரப் பயிற்சி அளித்து, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ 2022இல் தொடங்கிய நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியோ மேற்பார்வை செய்தால், புதிய கட்டடம் எதுவும் தேவைப்படாது. மருத்துவர் அல்லாதவர்கள் பேச்சுவழிச் சிகிச்சையைத் திறம்படத் தரமுடியும் என்பதை, மனச்சோர்வுக்கான சிகிச்சையில் கோவாவின் சங்கத் அமைப்பு ஆய்வாகவே நிறுவியிருக்கிறது. வலியோடு மனச்சோர்வும் சேர்ந்தவர்கள் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை அரசு மருத்துவமனையில் பார்க்கலாம்; 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

ஆனால் எந்தச் சிகிச்சையும் தொழிலின் அமைப்பை விலக்கி வைத்துவிட்டு நடக்க முடியாது. ஃபோர்டைஸின் முறை நேரப்படி ஓய்வெடுக்கச் சொல்கிறது. விசைத்தறியில் கூலியோ ஓடிய மீட்டருக்குத்தான், தறி நின்ற நேரத்துக்கு அல்ல. உரிமையாளரிடம் வாங்கிய முன்பணம் தீரும்வரை வேலையை மாற்றவும் முடியாது என்பது பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் பல குடும்பங்களின் நிலை. பத்துத் தொழிலாளர்களுக்குக் குறைந்த கூடங்கள் தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. திட்டத்தின் கட்டாய எல்லைக்குள் வருவதில்லை என்பதால், நோய்க்கு எடுக்கும் விடுப்பு முழுக் கூலி இழப்பாகிறது. அத்தகைய ஒருவரிடம் கவலைப்படாதீர்கள் என்று மட்டும் சொல்லும் சிகிச்சையாளர், அவருடைய வலியின் பாதியைக் கேட்கவே இல்லை. இச்சமவெளியில் நடத்தப்படும் சிகிச்சை, ஷிப்டு மாறும் காலை வேளையிலோ மாலையிலோ வீட்டுக்கு வர வேண்டும். தறியின் முன்னால் நின்றே குனிதலைப் பழக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இருமுறை ஐந்து நிமிடம் உட்கார இடம் தரும்படி தறி உரிமையாளரிடமும் பேச வேண்டும். ஊர்க் குடிநீரின் ஃபுளோரைடு அளவைச் சோதித்த தாளும் நோயாளியின் கோப்பில் இருக்க வேண்டும்.